நான்கு வரி



அண்மையில் காட்டுப்பள்ளியில் ஓர் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். தந்தையார் கடல் தொழில் செய்பவர். எட்டாம் வகுப்பில் பயிலும் மகள், ஆங்கிலப் பாடநூலில் அச்சிட்டிருந்த கியூ.ஆர். குறியீட்டின் மேல் கைபேசியைப் பிடித்தாள். உடனே படம் ஓடிற்று, பாடமும் ஒலித்தது. அந்த உச்சரிப்பை அவள் அப்படியே திருப்பிச் சொன்னபோது நமக்குப் பெருமகிழ்ச்சி உண்டாயிற்று. "நேற்று அப்பா கடலுக்குப் போனதைப் பற்றி ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதம்மா" என்றோம். பேனா அசையவில்லை. கண்கள் மட்டும் கைபேசியை நாடின. அதைப் பார்த்து எழுதிவிடலாமா என்பதே அப்பார்வையின் பொருள்.

நமது அரசுப் பாடநூல்களில் இக்குறியீடுகள் 2018 முதல் இடம்பெற்று வருகின்றன. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கிற்று. 2020-இல் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது பல வீடுகளுக்கு அதுவே வகுப்பறை. இவற்றை நாம் பழிக்கவில்லை. ஆங்கிலமே காதில் விழாத வீடுகளில் அதனை ஒலிக்கச் செய்தவை இக்கருவிகள் அன்றோ! ஆயினும் கேட்பது வேறு, எழுதுவது வேறு. எழுதுவதற்குச் சொல்ல ஒரு செய்தி வேண்டும். எழுதியதைப் படிக்க ஓர் ஆளும் வேண்டும்.

சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என். எஸ். பிரபு என்பார், 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் சென்னையிலும் சில பள்ளிகளில் ஒரு சோதனை நடத்தினார். பெரிய கருவி எதுவும் இல்லை. ரயில் கால அட்டவணை, ஊர் வரைபடம் முதலியவற்றை முன்வைத்து, எந்த வண்டியில் ஏறினால் உரிய நேரத்தில் போய்ச் சேரலாம் என்பன போன்ற கேள்விகளுக்கு மாணவரை ஆங்கிலத்தில் விடை காணச் செய்தனர். பொருளில் மனம் ஊன்றும்போது மொழி தானே படியும் என்பது அவர் கருத்து. இதை முற்றும் ஏற்காத ஆசிரியர்களும் உளர். இலக்கணத்தைக் கைவிடும்படி நாமும் சொல்லோம். ஆனால் நாயே இல்லாத வீட்டுப் பிள்ளை 'என் வளர்ப்பு நாய்' என்னும் கட்டுரையை உருப்போடும் வேடிக்கையைவிட இது எவ்வளவோ மேல்.

காட்டுப்பள்ளிப் பிள்ளைகளுக்குச் செய்திக்கா பஞ்சம்? 2010 முதல் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம்; 2013 முதல் பெட்டகக் கப்பல்கள் வந்துபோகும் துறைமுகம்; வலையும் படகும் என்றும் உண்டு. கைபேசியால் இவற்றைப் படம் எடுக்கட்டும். தந்தையார் கூறும் கடற்கதையைப் பதிவு செய்து, இருமுறை கேட்டு, பின்னர் கைபேசியை அணைத்துவிட்டு எழுதட்டும். ஆசிரியர்களும் வகுப்பில் ஒலியை நிறுத்திப் படத்தை மட்டும் ஓட்டி, அதற்குரிய பேச்சைப் பிள்ளைகளையே எழுதச் சொல்லலாம்.

"எங்களுக்கு ஆங்கிலம் தெரியாதே, எப்படித் திருத்துவது?" என்பீர்கள். அன்று அவ்வில்லத்தில் நடந்ததைக் கேளுங்கள். தந்தையார் கைபேசியை வாங்கி வைத்துக்கொண்டபின், அரைமணி நேரம் முயன்று மகள் நான்கு வரி எழுதினாள். ஆங்கில எழுத்தே அறியாத தாயார், "தமிழில் சொல்லு, கேட்போம்" என்றார்.

"அப்பா விடியற்காலையில் கடலுக்குப் போவார்..."

"போவாரா? நேற்றே போய்விட்டு வந்தாரே!"

சிறுமி நாக்கைக் கடித்துக்கொண்டாள். 'வில் கோ' என்றிருந்ததை அடித்துவிட்டு 'வென்ட்' என்று எழுதினாள். பிறகு தந்தையாரிடம் திரும்பி, "என்ன மீன் அப்பா கிடைத்தது?" என்று கேட்டாள். ஐந்தாம் வரிக்காக.