பெயரைக் கேட்டதும் வேலை புரிய வேண்டும்

அரசின் இணையச் சேவைகளை நாள்தோறும் பயன்படுத்தும் குடிமக்களாகிய நாங்கள், எங்கள் இயக்கத்தின் கொள்கைப் பிரகடனத்தை இதன்மூலம் வெளியிடுகிறோம்.

எங்கள் குறை

கவர்ச்சியான சொல் ஒன்றை முதலில் பிடித்துக்கொண்டு, அதன் எழுத்துகளுக்கேற்ப ஆங்கிலச் சொற்களை அடுக்குவது அரசு அலுவலகங்களில் வழக்கமாகிவிட்டது. 2017இல் வந்த இணையக் கல்வித் தளம் 'ஸ்வயம்'. விரித்தால் 'ஸ்டடி வெப்ஸ் ஆஃப் ஆக்டிவ் லேர்னிங் ஃபார் யங் ஆஸ்பைரிங் மைண்ட்ஸ்'. 'வெப்ஸ்' எதற்கு? 'டபிள்யூ' எழுத்துக்கு ஆள் வேண்டுமே! அதே ஆண்டு வந்த 'உமங்' செயலியில் வருங்கால வைப்பு நிதிக் கணக்கைப் பார்க்கலாம். பெயரை வைத்து அதை யாராலும் ஊகிக்க முடியாது. மத்திய அரசிடம் குறை சொல்லப் போகிறவர், அதற்கான தளத்தின் பெயரை 'சிபிகிராம்ஸ்' என்று உச்சரிக்கப் பழக வேண்டும்.

மாநிலமும் விலக்கல்ல. தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளின் விவரம் பதிவாகும் தளம் 'பிக்மி'. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கு அந்தத் தளத்தின் பதிவு எண் வேண்டும். குள்ளமான பழங்குடியினரைக் குறிக்க வழங்கும் சொல் போல ஒலிக்கும் பெயரை, வயிற்றுப் பிள்ளைக்காரியின் அட்டையில் எழுதுவதா? அதே தமிழ்நாட்டில்தான் 'தமிழ்நிலம்', 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற பெயர்களும் இருக்கின்றன. அவற்றை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

எங்கள் கொள்கைகள்

1. சேவையின் பெயர் அது செய்யும் வேலையைச் சொல்ல வேண்டும்.

2. பெயர் மக்கள் மொழியில் பிறக்க வேண்டும். சுருக்கம் தானாக அமைந்தால் மகிழ்ச்சி. அதற்காகச் சொற்களை வளைக்கக் கூடாது.

3. அறிவிக்கும் முன், பயன்படுத்தப் போகிறவர்களிடம் பெயரை உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். கேலியாகவோ இழிவாகவோ ஒலித்தால் கைவிட வேண்டும்.

4. துறையின் உள்வழக்குப் பெயர் கோப்போடு நிற்கட்டும். அறிவிப்புப் பலகை, குறுஞ்செய்தி, ரசீது மூன்றிலும் சேவையின் பெயரே வர வேண்டும்.

5. பழகிப்போன பெயர்களை ஒரே நாளில் மாற்றச் சொல்லவில்லை. அருகில் தமிழில் ஒரு வரி விளக்கம் சேர்த்தால் போதும்.

அழைப்பு

இந்த இயக்கத்துக்குச் சுருக்கப்பெயர் கிடையாது; வைக்கவும் மாட்டோம். அடுத்த முறை இ-சேவை மையத்துக்குப் போகும்போது, புரியாத பெயர் கண்ணில் பட்டால் "இது என்ன வேலை செய்யும்?" என்று கேளுங்கள். பதிலை அப்படியே எழுதி, இதையே பெயராக வையுங்கள் என்று துறைக்கு மனுப் போடுங்கள்.