முட்டையா, கல்லா? – தமிழும் ஜப்பானியமும் பற்றிச் சில எண்ணங்கள்

2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னம் பகுதியில் மண்ணுக்குள்ளிருந்து உருண்டையான பெருங்கற்கள் வெளிப்பட்டன. டைனோசர் முட்டைகள் என்று செய்தி பரவியது. துறை அறிந்தோர் ஆராய்ந்து, அவை அம்மோனைட் என்னும் பழங்காலக் கடலுயிரியைச் சுற்றிப் படிந்து இறுகிய கற்கள் என்றனர். இதே நிலப்பரப்பில், அரியலூர் மாவட்டம் செந்துறைப் பகுதியில் டைனோசர் முட்டைப் புதைபடிவங்களைக் கண்டதாக 2009இல் சேலம் பெரியார் பல்கலைக்கழக நிலவியலாளர்கள் அறிவித்திருந்தனர். வெளித்தோற்றத்தில் இரண்டும் உருண்டைதான். எது முட்டை, எது கல் என்பதை உருவம் சொல்லாது. உள்ளமைப்பும் அது கிடந்த அடுக்குமே சொல்லும்.

இந்தப் பாடம் எங்களுக்கு வேறொரு சூழலில் தேவைப்பட்டது. எங்கள் வாசகர் வட்டத்திற்கு வரும் இளைஞர் ஒருவர், மொழியியல் முதுகலை படிக்க விரும்புவதாகவும் ஜப்பானிய மொழியில் தனிக்கவனம் செலுத்தப்போவதாகவும் கூறினார். வீட்டில் வழக்கமான கேள்வி: "இதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும்?" நாங்களோ பெருமகிழ்ச்சியோடு தமிழ்–ஜப்பானியச் சொல் ஒற்றுமைப் பட்டியல் ஒன்றை அவர் கையில் கொடுத்து, "தமிழே ஜப்பானியத்தின் தாய் என்று நிறுவி வாருங்கள்" என்றோம். வீட்டாரின் கேள்வியைவிட எங்கள் வாழ்த்துதான் அவருக்குப் பெரிய இடையூறு என்பதை இப்போது உணர்கிறோம். முடிவை முன்கூட்டியே கையில் கொடுத்துவிட்டு ஒருவரை ஆய்வுக்கு அனுப்புவது முறையன்று.

அந்தப் பட்டியலின் மூலவர் பேராசிரியர் சுசுமு ஓனோ (1919–2008). தோக்கியோவின் கக்குஷூயின் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். பழைய ஜப்பானிய மொழிக்கு 1974இல் வெளிவந்த இவானமி அகராதியின் தொகுப்பாசிரியர்களுள் ஒருவர். அறுபது வயதையொட்டித் தமிழைக் கற்கத் தொடங்கி, நூற்றுக்கணக்கான சொல் இணைகளை முன்வைத்தார். தமிழகத்தில் பொற்கோவும், யாழ்ப்பாணத்தின் அ. சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ் இணையரும் அவரோடு உழைத்தனர். நெல் வேளாண்மையோடும் உலோகத்தோடும் தமிழ் ஜப்பானுக்குச் சென்று அங்கிருந்த மொழியோடு கலந்தது என்பது அவரது பிற்கால நிலைப்பாடு. மொழியியலாளருள் பெரும்பாலோர் இதை ஏற்கவில்லை. நம் மேடைகளில் ஓனோவின் பெயர் ஒலிக்கும் அளவுக்கு இந்த மறுப்பின் காரணங்கள் ஒலிப்பதில்லை.

காரணங்கள் எளியவை. 'அவலம்' என்பதற்கு இணையாகக் காட்டப்படும் ஜப்பானியச் சொல் 'அவரே'. இன்றைய உச்சரிப்பில் இரண்டும் உடன்பிறப்புகள் போல ஒலிக்கின்றன. ஆனால் அச்சொல்லின் பழைய எழுத்துமுறை 'அஹரே'; அதற்கும் முந்தைய ஒலி பகரம். ஆகவே தமிழ் வகரத்துக்கு ஜப்பானியப் பகரம் ஒழுங்காக, விதிவிலக்குகளுக்கும் விளக்கத்தோடு, பல சொற்களில் நேர்கிறது என்று காட்டியாக வேண்டும். ஒரு சொல்லின் இனிமை அதற்குப் போதாது. 'பால்' கன்னடத்தில் 'ஹாலு', 'பூ' அங்கே 'ஹூவு' என்பதை அறிந்த நமக்கு இத்தகைய ஒழுங்கு என்னவென்று விளக்க வேண்டியதில்லை.

விழா ஒற்றுமையும் அப்படியே. ஜனவரி 15இல் ஜப்பானியர் 'சிறு புத்தாண்டு' கொண்டாடிச் செம்பயற்றுக் கஞ்சி உண்பதைப் பொங்கலோடு ஒப்பிடுவர். ஜப்பான் மேலைநாட்காட்டிக்கு மாறியது 1873இல். அதற்குமுன் அவ்விழா சந்திரமான முதல் மாதத்தின் பதினைந்தாம் நாளுக்குரியது. நம் பொங்கலோ சூரியனைப் பின்பற்றுவது. தேதிப் பொருத்தம் அண்மைக்காலத்தது.

இனி, உண்மையான தொடர்புகளும் உண்டு. நம் 'பொத்தான்' ஜப்பானில் 'போத்தன்'. ஈழத்தவரின் 'பாண்' அங்கே 'பன்'. இரண்டும் போர்த்துக்கீசியர் இரு கரைகளிலும் இறக்கிய சரக்கு. ஜப்பானிய எழுத்து வரிசை அ, இ, உ, எ, ஒ என்று தொடங்கி க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ என்று செல்லும். ஹகரத்தின் இடத்தில் பழைய பகரத்தை வைத்துப் பார்த்தால் நம் பள்ளிப் பலகை தெரியும். பௌத்தத்தோடு சென்ற வடமொழி ஒலியியல் கல்வியின் தடம் அது. இவை வரலாறு காட்டும் உறவுகள்; குருதி உறவுகள் அல்ல.

இவற்றினும் வியப்பானது இலக்கணம். நாம் 'சாப்பிட்டுப் பார்' என்கிறோம். ஜப்பானியரும் முயற்சிப் பொருளில் 'தாபெதே மிரு' என்பர். 'மிரு' என்றால் பார்த்தல். 'கோரே, சோரே, ஆரே, தோரே' என்ற அவர்களின் சுட்டு நம் 'இது, உது, அது, எது'வின் அமைப்பை நினைவூட்டுகிறது. ஒலி ஒவ்வாதபோதும் சிந்தனைத் தடம் ஒத்திருக்கிறது. வினையை இறுதியில் வைக்கும் மொழிகள் பலவற்றில் இத்தகைய ஒப்புமைகள் உண்டு என்பதால், இதையும் உறவுக்குச் சான்றாகக் கொள்ளலாகாது. ஆயினும் தமிழ் மாணவர் ஒருவர் ஆண்டுக்கணக்கில் ஆழ்ந்து படிக்கத் தகுந்த பொருள் இதுவே. தாய்மொழி அறிவே இங்கு அவருக்குக் கருவி.

அதற்கு வேண்டியவை என்ன? பரோ–எமனோவின் திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி (1961, திருத்திய பதிப்பு 1984), எட்டாம் நூற்றாண்டு ஜப்பானியம், ஒக்கினாவாத் தீவுகளின் கிளைமொழிகள். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் மொழியியல் துறை ஜெயங்கொண்டத்துக்கு அதிகத் தொலைவில் இல்லை. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகமும் அண்மையிலேயே. ஜப்பானியத்தையும் மொழியியலையும் ஒரே வளாகத்தில் கற்க தில்லியின் ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகம் போன்ற இடங்களுக்குச் செல்ல வேண்டியிருக்கும். ஜப்பானிய மொழித் தேர்வில் தேறியவருக்கு மொழிபெயர்ப்பிலும் நிறுவனங்களிலும் வேலை வாய்ப்பு உண்டு என்பதை வீட்டாருக்கும் சொல்லிவைக்கலாம்.

ஓனோவை நாங்கள் மதிக்கிறோம். அறுபது வயதில் இன்னொரு மொழியின் சங்கப் பாடல்களை நோக்கி நடந்த மனிதர் அவர். அவருக்கு ஈடாக, பழைய ஜப்பானியத்தை மூலத்தில் படித்து அவர் கருத்தைச் சோதிக்கும் தமிழர் நம்மிடையே எத்தனை பேர்? மேற்கோள் காட்டுவது எளிது, கற்பது கடினம். அவரைச் சோதிப்பதே அவருக்குச் செய்யும் மரியாதை.

பட்டியலை அந்த இளைஞரிடமிருந்து திரும்பப் பெற்றுக்கொண்டோம். ஐந்தாண்டுகள் கழித்து அவர் திரும்பி வந்து, "இவற்றுள் பெரும்பாலானவை வெறும் கற்கள்" என்று சொன்னாலும் அமர்ந்து கேட்போம் என்று வாக்களித்திருக்கிறோம். காப்பாற்ற வேண்டியது எங்கள் பொறுப்பு.