பெயரில் நாலு எழுத்து, பிறந்த வருஷம்

மும்பை கிங்ஸ் சர்க்கிள் பக்கம் ஜெராக்ஸ் கடைக்குப் போனால் சுவரில் ஒரு ஜிமெயில் முகவரி ஒட்டியிருக்கும். ஆதாரை அதற்கு அனுப்ப வேண்டும். கடைப் பையன் கோப்பைத் திறப்பான், பாஸ்வேர்டு கேட்பான், பின்னால் நிற்பவர்கள் காதுபட நாமும் சொல்வோம். பிரிண்ட் நம் கைக்கு வந்துவிடும். கோப்பு அங்கேயே தங்கிவிடும்.

அந்த பாஸ்வேர்டின் லட்சணத்தையும் பார்க்க வேண்டும். இ-ஆதாருக்குப் பெயரின் முதல் நாலு எழுத்து, ஆங்கிலப் பெரிய எழுத்தில்; கூடவே பிறந்த வருஷம். இனிஷியல் போட்டுக்கொள்ளும் நம்மவர்களையும் ஆதார் ஆணையம் மறக்கவில்லை: பி. குமார் என்றால் இனிஷியல், புள்ளி, பிறகு இரண்டே எழுத்து. பெயர் தெரிந்தவன் மிஞ்சிப்போனால் நூறு வருஷங்களைப் போட்டுப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். வங்கி ஸ்டேட்மென்ட்டுகள் பலவும் இதே ஜாதி. பாஸ்வேர்டு எப்படி அமைந்தது என்ற விளக்கமும் அதே மெயிலில் வரும். வாசலைப் பூட்டி, ‘சாவி மிதியடிக்குக் கீழே’ என்று கதவில் எழுதி ஒட்டுகிற காரியம் இது.

நிஜப் பூட்டு இல்லாமல் இல்லை. 1991இல் பில் சிம்மர்மன் என்ற அமெரிக்கர் பிஜிபி என்ற மென்பொருளை வெளியிட்டார். ஆளுக்கு இரண்டு சாவி. ஒன்றை ஊருக்கெல்லாம் கொடுக்கலாம். அதால் பூட்டியதை நாம் மறைத்து வைத்திருக்கும் மற்றதால்தான் திறக்க முடியும். ஜிமெயில்காரர்களே நினைத்தாலும் படிக்க முடியாது. அமெரிக்காவில் அப்போது இத்தகைய மென்பொருள் ஏற்றுமதிச் சட்டப்படி ஆயுதங்களோடு சேர்த்தி. சிம்மர்மன்மீது விசாரணை நடந்தது, 1996இல்தான் கைவிட்டார்கள். இதற்கிடையில் 1995இல் எம்ஐடி பதிப்பகம் பிஜிபியின் நிரல் முழுவதையும் புத்தகமாகவே அச்சிட்டுவிட்டது. புத்தகத்தை வெளிநாட்டுக்கு அனுப்பினால் யார் தடுப்பது? நம் சர்க்கிளின் நடைபாதைப் பழைய புத்தகக்காரர்கள் ரசிக்க வேண்டிய கதை.

இத்தனை பாடுபட்டு வந்த பூட்டைப் போடத்தான் ஆளில்லை. 1999இல் ஆல்மா விட்டன், டைகர் என்ற ஆய்வாளர்கள் இருவர் 12 பேரிடம் பிஜிபியைக் கொடுத்து 90 நிமிடம் அவகாசமும் கொடுத்தார்கள். மூன்றில் ஒரு பங்குப் பேருக்குத்தான் சரியாக வந்தது. மூன்று பேர் ரகசியத்தைப் பூட்டாமலே அனுப்பிவிட்டார்கள். 2012 டிசம்பரில், பிற்பாடு அமெரிக்க உளவு ரகசியங்களை வெளிப்படுத்திய ஸ்னோடன், கிளென் கிரீன்வால்டு என்ற பத்திரிகையாளரிடம் பிஜிபி போட்டுக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சினார். அவர் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். ரகசியமே பிழைப்பாக உள்ளவர் கதை இது. நியூ ஜெர்சியில் இருக்கும் பையனுக்கு ஃபிளாட் பத்திரத்தை அனுப்பும் மாட்டுங்கா மாமா எம்மாத்திரம்? மாமா கற்றுக்கொண்டால் போதாது. பையனும், ஆடிட்டரும், சொசைட்டி செக்ரட்டரியும் கற்றுக்கொள்ள வேண்டும். “எனக்கு என்னடா ரகசியம்?” என்பார் மாமா. பான் எண், கையெழுத்து, வங்கிக் கணக்கு எல்லாம் அந்தப் பத்திரத்தோடுதான் போகின்றன.

வாட்ஸ்அப் 2016இல் எல்லோருடைய பேச்சையும் பூட்டியது. யாரும் எதையும் கற்கவில்லை. பலருக்கு அது நடந்ததே தெரியாது. மெயிலில் அதற்கு அருகில் வருவது புரோட்டான் மெயில். ஆனால் இரு பக்கமும் புரோட்டான் இருந்தால்தான் தானாகப் பூட்டும். ஜிமெயிலுக்குப் போனால் அப்படி இல்லை. புரோட்டானுக்கும் நம் நாட்டில் நல்ல பெயர் இல்லை. 2024 பிப்ரவரியில் சென்னைப் பள்ளிகளுக்கு வெடிகுண்டுப் புரளி மெயில் வந்தபோது, புரோட்டானையே முடக்கச் சொன்னது தமிழ்நாடு போலீஸ். புரளி கிளப்பியவனைத் தேட வேண்டியதுதான். அதற்காகப் பூட்டு விற்கிற கடையைச் சாத்துவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

என் தீர்ப்பு இதுதான்: பத்திரிகையாளருக்கும் வக்கீலுக்கும் பிஜிபி தேவைப்படலாம், வீட்டு உபயோகத்துக்கு அது ஆகாது. நமக்கு வேறு வழிகள் உண்டு. முதல் எட்டு இலக்கம் மறைத்த ஆதாரை ஆணையத்தின் தளத்திலேயே இறக்கலாம். கேட்பவர்களுக்கு அதைக் கொடுங்கள். மெயில் கணக்குக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்கள். பத்திரத்தை அனுப்பியே ஆக வேண்டுமென்றால் லிப்ரே ஆபீஸில் பிடிஎஃப் ஆக்கும்போது நீங்களே நீளமான பாஸ்வேர்டு ஒன்று வையுங்கள், பெயரும் பிறந்த வருஷமும் இல்லாததாக. அதைப் பையனுக்குப் போனில் சொல்லுங்கள். அதே மெயிலில் எழுதாதீர்கள்.