நிலைப்படியில் மண் கோடு தெரிகிறதா?

நாகப்பட்டினம், நாகூர், காரைக்கால், தரங்கம்பாடி என்று எங்கள் பக்கத்துக் கடற்கரை ஊர்களில் பாட்டன் காலத்து வீடுகள் இன்னும் நிறையவே இருக்கின்றன. சுண்ணாம்புக் காரைச் சுவர், தேக்கு நிலை, பனங்கை, மேலே நாட்டு ஓடு. சித்திரை வெயிலிலும் உள்ளே நுழைந்தால் குளுகுளுவென்று இருக்கும். இந்த வீடுகளுக்கு மூன்று எதிரிகள்: உப்புக் காற்று, ஓதம், கறையான். முதல் இரண்டும் நம் கண் முன்னாலேயே வேலை செய்யும். மூன்றாவது திருட்டுத்தனமாகச் செய்யும்.

மண் கோட்டைக் காட்டி, "இங்கே பாருங்களேன்" என்று வீட்டில் சொன்னால் என்ன பதில் வரும்? "பழைய வீடுன்னா அப்படித்தான் இருக்கும், துடைச்சுப் போடு" என்பார்கள். சகோதரிகளே, அதோடு விட்டுவிடாதீர்கள். தினமும் பெருக்கித் துடைக்கிற நமக்குத்தான் மூலை முடுக்கெல்லாம் பழக்கம். எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்திருந்தால் கறையான் முதலில் நம் கண்ணில்தான் படும். விட்டம் பொக்கையாகிப் போனால் அது காசுச் செலவோடு நிற்காது. அதற்குக் கீழேதான் நம் பிள்ளைகள் படுத்துத் தூங்குகிறார்கள்.

மண்ணா, மணியா, மாவா?

மரத்தைத் தின்கிற பூச்சி எல்லாம் ஒன்றல்ல. எது வந்திருக்கிறது என்று தெரியாமல் மருந்து அடிப்பது வீண். அடையாளம் சுலபம்.

நிலையிலோ சுவரிலோ பென்சில் தடிமனில் மண் கோடு ஏறியிருந்தால் அது தரைக் கறையான். கூடு மண்ணுக்குள் இருக்கும். வெயிலும் காற்றும் பட்டால் உடம்பு காய்ந்து செத்துவிடும் என்பதால், மண்ணையும் எச்சிலையும் குழைத்துக் குழாய் மாதிரி வழி கட்டிக்கொண்டு அதற்குள்ளேயே போய் வரும்.

மண் எதுவும் இல்லாமல், கதவுக்கோ அலமாரிக்கோ கீழே கசகசாவோ ரவையோ சிந்தின மாதிரி மணி மணியாகக் குவிந்திருந்தால் அது உலர்மரக் கறையான். மணிகள் அதன் எச்சம். இதற்கு மண்ணும் தேவையில்லை, வெளி ஈரமும் தேவையில்லை. காற்றில் ஈரப்பதம் அதிகமுள்ள கடற்கரை ஊர்களில்தான் இதன் தொல்லை அதிகம்.

மைதா மாதிரி நைசான மாவு கொட்டி, மரத்தில் சின்னச் சின்ன வட்ட ஓட்டை இருந்தால் அது வண்டு. மரம் உளுத்துப் போச்சு என்கிறோமே, அது இதுதான். கறையான் மருந்தைத் தரையில் இறக்கினால் இதற்கு ஒன்றும் ஆகாது.

மண், மணி, மாவு. இந்த மூன்றையும் ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும்.

ஈசல் வந்தால்

மழை விட்ட சாயங்காலம் விளக்கைச் சுற்றி ஈசல் மொய்க்கும். கிராமத்தில் அதை வறுத்துப் பொரியோடு தின்பார்கள். இறக்கை முளைத்த கறையான்தான் ஈசல். புதுக் கூடு வைக்கப் புறப்பட்ட ஜோடிகள். வெளியிலிருந்து ஜன்னல் வழியாக வந்தால் அவ்வளவு பயமில்லை. ஆனால் வீட்டுக்குள் இருக்கிற சுவர் வெடிப்பிலிருந்தோ நிலை இடுக்கிலிருந்தோ கிளம்பி வந்தால், கூடு வீட்டுக்கு அடியிலேயே இருக்கிறது என்று அர்த்தம். காலையில் பெருக்கும்போது ஜன்னல் ஓரம் உதிர்ந்த இறக்கைகள் நிறையக் கிடந்தாலும் கவனியுங்கள்.

சிறகு முளைத்த எறும்பும் இதே சமயம் வருமே என்று கேட்பீர்கள். எறும்புக்கு இடுப்பு ஒடுங்கியிருக்கும், முன் இறக்கை பெரிதாக இருக்கும். ஈசலுக்கு இடுப்பே இல்லை, நான்கு இறக்கையும் ஒரே நீளம். கறையானை வெள்ளை எறும்பு என்று சொன்னாலும் அது எறும்பு ஜாதியே இல்லை. கரப்பான் பூச்சிக்குத்தான் உறவு.

வழி விடுவது எது?

கறையானுக்கு வேண்டியது மரமும் ஈரமும். கடலோரப் பழைய வீட்டில் இரண்டும் கை கோத்து நிற்கின்றன. நிலத்தடி நீர் மேலாகவே இருக்கிறது. காரைச் சுவர் அதை உறிஞ்சி ஓதம் காக்கும். நாள்பட்ட சுவரில் காரை உதிர்ந்து, தீக்குச்சி கூட நுழையாத விரிசல்கள் விட்டிருக்கும். கறையானுக்கு அது ராஜபாட்டை.

இன்னொன்று, தெருவில் மாற்றி மாற்றிச் சாலை போட்டுத் தெரு உயர்ந்துவிட்டது, வீடு தாழ்ந்துவிட்டது. அந்தக் காலத்தில் மூன்று படி ஏறிப் போன திண்ணை இன்று தெரு மட்டத்துக்கு வந்து, நிலைக்காலின் அடி மண்ணைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. மண் மரத்தைத் தொட்டால் கறையானுக்கு மண் குழாய் கட்டும் வேலை கூட மிச்சம்.

கஜா புயல் 2018 நவம்பர் 16-ஆம் தேதி விடியற்காலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையைக் கடந்தது. எங்கள் ஜில்லாவில் விழாத மரம் குறைவு. விழுந்ததை அறுத்து எடுத்தோம். ஆனால் அடிக்கட்டையையும் வேரையும் தோண்டி எடுத்தவர்கள் எத்தனை பேர்? புயல் எதுவானாலும் சரி, செத்த வேர் மண்ணுக்குள் கிடந்தால் கறையானுக்குப் பந்தி போட்ட மாதிரி. அந்தக் கட்டை வீட்டுச் சுவரிலிருந்து பத்தடிக்குள் இருந்தால் ஆளை விட்டுத் தோண்டி எடுத்துவிடுங்கள்.

கொல்லையில் பாம்புப் புற்று இருந்தால்? அதுவும் கறையான் கட்டினதுதான். மஞ்சள் குங்குமம் வைக்கிற புற்றை இடிக்க வீட்டுப் பெரியவர்கள் சம்மதிக்க மாட்டார்கள். இடிக்கவும் வேண்டாம். மேலே இடித்தால் ராணி சாகப் போவதில்லை, அது உள்ளே ஆழத்தில் இருக்கிறது. புற்றுக்கும் வீட்டுக்கும் நடுவே விறகு, தென்னை மட்டை, பலகை எதுவும் கிடக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கத்துச் சுவரை மட்டும் அடிக்கடி கவனியுங்கள்.

கோணி ஊசி ஒன்று போதும்

சோதிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு டார்ச், ஒரு கோணி ஊசி, ஒரு கரண்டிக் காம்பு.

கரண்டிக் காம்பால் நிலை, ஜன்னல் சட்டம், தூணின் அடி, கைக்கெட்டுகிற சட்டங்களைத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல மரம் கணீரென்று சொல்லும். பொக்கை மரம் தொபுக்கென்று சொல்லும். சந்தேகமான இடத்தில் கோணி ஊசியைக் குத்துங்கள். வைரம் பாய்ந்த தேக்கில் நுனி கூட இறங்காது. வாழைத்தண்டில் இறங்குகிற மாதிரி இறங்கினால் உள்ளே ஒன்றுமில்லை, வார்னிஷ் மட்டும்தான் நிற்கிறது. தேக்கும் பனையும் கறையானுக்கு அசையாது என்பது வைரத்துக்குத்தான் பொருந்தும். வைரமில்லாத பகுதியை அது தின்னும்.

பார்க்க வேண்டிய இடங்கள்: நிலைக்காலின் அடி, குளியலறைக் கதவு, சமையலறைத் தொட்டிக்குப் பின்புறம், சுவரில் மாட்டிய படங்களின் முதுகு, பரண், சட்டமும் பனங்கையும் சுவரில் சொருகியிருக்கும் இடம், ஒழுகுகிற ஓட்டுக்குக் கீழே உள்ள ரீப்பர். கொலுப் பொம்மையை வைக்கோல் சுற்றி அட்டைப் பெட்டியில் போட்டு வைப்போமே, அதை அவசியம் திறந்து பாருங்கள். பீரோ இரும்பாச்சே என்று இருந்துவிடாதீர்கள். சுவரோடு ஒட்டியிருந்தால் பின்பக்க ஓட்டை வழியாக ஏறி வீட்டுப் பத்திரத்தைத் தின்றுவிடும். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டு, நான்கு காலுக்கும் கல் கொடுங்கள்.

மண் கோடு கண்டால் முழுவதையும் துடைக்காதீர்கள். நடுவில் ஒரு அங்குலம் மட்டும் உடைத்துவிட்டு, மூன்று நாள் கழித்துப் பாருங்கள். திரும்பக் கட்டியிருந்தால் நடமாட்டம் இருக்கிறது. கட்டவில்லை என்றாலும் வேறு வழியாகப் போயிருக்கலாம். அக்கம்பக்கத்தையும் பார்த்துவிடுங்கள்.

விட்டம் பொக்கையாகத் தெரிந்தால், மருந்துக்காரரைத் தேடுவதற்கு முன் தச்சரையோ கொத்தனாரையோ கூப்பிட்டு முட்டுக் கொடுங்கள். அதுவரைக்கும் அந்த அறையில் யாரும் படுக்க வேண்டாம். இதில் தயவு தாட்சண்யம் கூடாது.

மருந்துக்கு முன்னால்

மண்ணெண்ணெய் ஊற்றினால் போய்விடும் என்பார்கள். ஊற்றின இடத்தில் இருக்கிறது சாகும். ராணி மண்ணுக்குள் சுகமாக முட்டை வைத்துக்கொண்டிருக்கும். தீப்பிடிக்கிற ஆபத்துதான் மிச்சம்.

முதலில் ஈரத்தை நிறுத்துங்கள். ஒழுகும் குழாய், உடைந்த ஓடு, சுவரை ஒட்டி ஓடும் சமையலறைச் சாக்கடை ஆகியவற்றைச் சரி செய்யுங்கள். விறகையும் மட்டையையும் சுவரில் சாய்த்து அடுக்காதீர்கள். நிலைக்காலைச் சுற்றி ஏறியிருக்கும் மண்ணை வெட்டி எடுத்துக் கருங்கல் பலகையோ காங்கிரீட்டோ கொடுங்கள். காரைச் சுவர் மேல் சிமெண்டு பூசிவிட்டால் ஓதம் உள்ளேயே அடைபட்டு இன்னும் மேலே ஏறும். சுண்ணாம்புப் பூச்சுதான் நல்லது.

ஆளைக் கூப்பிடும்போது

என் நாத்தனார் வீட்டுக்கு ஒரு கம்பெனி ஆள் வந்தார். கைப்பம்பால் சுவர் மேலே தெளித்தார், அரை மணியில் பணத்தை வாங்கிக்கொண்டு போனார். அடுத்த மழைக்கு ஒரு முழம் தள்ளி மறுபடியும் மண் கோடு! மேலே தெளிப்பது சிகிச்சையே இல்லை.

கட்டி முடித்த வீட்டுக்குக் கறையான் மருந்து எப்படிப் போட வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணயம் இருக்கிறது. ஐ.எஸ். 6313, மூன்றாம் பகுதி. சுவரும் தரையும் சேரும் இடத்தில் 12 மில்லிமீட்டர் துளை, ஏறக்குறைய ஒரு அடிக்கு ஒன்று, கீழே மண் வரைக்கும் போட வேண்டும். துளைக்கு ஒரு லிட்டர் மருந்துக் கரைசல் இறக்கி, சிமெண்டால் அடைக்க வேண்டும். நிலையும் சுவரும் சேரும் இடத்தில் மெல்லிய துளை சாய்வாகப் போட்டு மரத்துக்குள்ளும் மருந்து செலுத்துவார்கள். உலர்மரக் கறையானுக்கு மரத்துக்குள் செலுத்துவதுதான் வழி. மிஞ்சிப் போன மரத்தை எடுத்துவிட வேண்டியதுதான்.

வருகிறவரிடம் வாய் திறந்து கேளுங்கள். லைசென்ஸ் இருக்கிறதா, என்ன மருந்து, எவ்வளவு தண்ணீருக்கு எவ்வளவு, எத்தனை வருஷம் பொறுப்பு. எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். டப்பாவை உங்கள் கண் முன் உடைக்கச் சொல்லுங்கள். இப்போது இமிடாகுளோபிரிட், பைபென்த்ரின் போன்றவை வழக்கத்தில் இருக்கின்றன. பல வருஷம் ஓடிய குளோர்பைரிபாஸ் என்ற மருந்தை 2025-ல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை நாடுகள் கைவிட வேண்டியவற்றின் பட்டியலில், சில விலக்குகளோடு, சேர்த்துவிட்டன. மருந்து போடும் அன்று குழந்தைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள் வேறு வீட்டில் இருக்கட்டும். பாத்திரம், அரிசி, குடிதண்ணீர் எல்லாவற்றையும் மூடுங்கள்.

கிணற்றை மறக்காதீர்கள்

இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. நம் கடலோர வீடுகளில் கிணறு முற்றத்திலோ சமையலறைக்குப் பின்னாலோ இருக்கும். மண்ணோ மணல். ஊற்றினது எதுவும் அதில் தங்காது, நேரே தண்ணீருக்குத்தான் இறங்கும். கிணறு இருக்கிறது என்று மருந்துக்காரரிடம் முதலிலேயே சொல்லுங்கள். கிணற்றை ஒட்டிய சுவரில் தரையில் மருந்து இறக்க விடாதீர்கள். அந்தப் பக்கம் ஈரத்தைக் குறைத்து, மரத்தை மாற்றிச் சமாளிப்பதே மேல். கறையான் அரித்த மரத்தை மாற்றலாம், கெட்டுப்போன கிணற்றை என்ன செய்வது?

பரணில் பழைய டப்பாவில் பி.எச்.சி. பவுடரோ ஆல்ட்ரினோ இருந்தால் எடுத்து உபயோகிக்காதீர்கள். பி.எச்.சி. 1997-லேயே இந்தியாவில் தடை செய்யப்பட்டது, ஆல்ட்ரினுக்கும் தடைதான். மண்ணிலும் உடம்பிலும் வருஷக்கணக்கில் தங்குகிற விஷங்கள் அவை. சாக்கடையில் கொட்டாமல், அப்படியே மூடி, நகராட்சி சுகாதாரப் பிரிவில் கேட்டு ஒப்படையுங்கள்.

புது மரம் வைக்கும்போது

மாற்றுகிற மரம் காய்ந்த மரமாக, வெளிறு சீவியதாக இருக்கட்டும். மா, இலவு எல்லாம் மலிவு என்று வாங்கினால் கறையானுக்குத்தான் தீனி. முந்திரிக்கொட்டைத் தோட்டிலிருந்து எடுக்கும் எண்ணெயைக் கடற்கரையில் படகுக்குப் பூசுவார்கள். சுவருக்குள் சொருகப் போகும் மர முனைகளுக்கு இரண்டு கை அதைப் பூசி வைப்பது நல்லது. மேலே பட்டால் தோல் கொப்பளித்துவிடும், கையுறை இல்லாமல் தொடவே கூடாது.

எப்போது பார்ப்பது என்று தனியாக நாள் குறிக்க வேண்டாம். நவராத்திரிக்குப் பரணை இறக்குவோம், போகிக்கு வீட்டையே புரட்டுவோம். ஒன்று ஐப்பசி மழைக்கு முன், மற்றது மழைக்குப் பின். இரண்டு தடவையும் கையில் துடைப்பத்தோடு ஒரு கோணி ஊசியும் இருக்கட்டும். அடுத்த இதழில் ஓதம் ஏறிய சுவருக்கு என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.