இந்திரன் மீதான வழக்கு

கொலை என்றால் உடலில் காயம் இருக்க வேண்டும். மொகஞ்சதாரோ 'படுகொலை'யில் இந்தச் சாதாரணக் கேள்வியைப் பல ஆண்டுகள் யாரும் அழுத்திக் கேட்கவில்லை.

1920களில் சிந்துவில் நடந்த அகழ்வாய்வில் தெருவிலும் அறைகளிலும் கிணற்றுப் படிகளிலும் தாறுமாறாகக் கிடந்த எலும்புக்கூடுகள் அகப்பட்டன. மொத்தம் 40க்கும் குறைவு. தொல்பொருள் துறைத் தலைமை இயக்குநர் மார்ட்டிமர் வீலர், 1947இல் இவற்றை ஆரியப் படையெடுப்புக்குச் சாட்சியாக்கினார். ரிக் வேதம் கோட்டைகளைத் தகர்ப்பவனாகப் போற்றும் இந்திரனையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார். பாடப் புத்தகங்கள் முதல் அரசியல் மேடைகள் வரை அந்தக் கதை பரவியது.

குறுக்கு விசாரணையை 1964இல் நடத்தியவர் அமெரிக்கத் தொல்லியலாளர் ஜார்ஜ் டேல்ஸ். எலும்புக்கூடுகள் எல்லாம் ஒரே காலத்தவை அல்ல. கடைசிச் சண்டை நடந்திருக்க வேண்டிய கோட்டைப் பகுதியில் ஒரு பிணம்கூட இல்லை என்று அவர் சுட்டிக்காட்டினார்.

அடுத்துப் பேசியவை எலும்புகளே. உயிருள்ள எலும்பில் விழும் வெட்டின் விளிம்பு வழவழப்பாக இருக்கும். காயம்பட்டவர் சில வாரங்கள் பிழைத்திருந்தால் புது எலும்பு வளர்ந்து விளிம்பு மழுங்கும். மண்ணுக்குள் காய்ந்தபின் ஏற்படும் உடைப்பு சொரசொரப்பாக, வெளிறித் தெரியும். இந்த அளவுகோலுடன் கார்னெல் பல்கலைக்கழக மானிடவியலாளர் கென்னத் கென்னடி 1980களில் மறுஆய்வு செய்தார். வெட்டுக்காயம் என்று சொல்லத்தக்கவை ஓரிரு மண்டையோடுகளில்தான் இருந்தன. அவற்றிலும் ஒன்று ஆறத் தொடங்கிய காயம். வெட்டுகள் என்று கருதப்பட்ட மற்றவை மண் அரிப்பின் தடங்கள்.

அதற்காகச் சிந்துவெளி அகிம்சை பூமியாகிவிடாது. ஹரப்பா மண்டையோடுகள் சிலவற்றில் தாக்குதலின் தடயங்கள் இருப்பதாக, குவென் ராபின்ஸ் ஷூக் குழுவினரின் ஆய்வு 2012இல் தெரிவித்தது.

இந்திரன் விடுதலையானதை வைத்து, வெளியிலிருந்து யாருமே வரவில்லை என்று வாதிடுவோரும் இருக்கிறார்கள். அதுவும் அவசரத் தீர்ப்புதான். படுகொலை நடக்காததால் இடப்பெயர்வும் நடக்கவில்லை என்றாகாது; அதற்கு மொழியியலும் மரபணு ஆய்வும் தனியே பதில் சொல்ல வேண்டும். வெட்டு விழுந்ததா, ஆறியதா என்பதை எலும்பு சொல்லும். வெட்டியவன் பேசிய மொழியைச் சொல்லாது.