இடம் கிடைத்துவிட்டது, தங்குவது எங்கே?

இடம் என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. மருத்துவக் கல்லூரியில் கிடைக்கும் இடம் ஒன்று. இரவில் தலை சாய்க்கும் இடம் மற்றொன்று. முதலாவது இடத்தை யாருக்கு, எந்த விகிதத்தில், எந்தத் தேர்வின் வழியாக வழங்குவது என்பது பற்றி நாடாளுமன்றத்திலும் நீதிமன்றங்களிலும் தெருக்களிலும் நாற்பது ஆண்டுகளாக வாதம் நடந்து வருகிறது. இரண்டாவது இடத்தைப் பற்றி வாதிட எவரும் முன்வருவதில்லை. ஒதுக்கீட்டு ஆணை கைக்கு வந்த பிறகு அது பெற்றோரின் சொந்தக் கவலையாக விடப்படுகிறது.

அகில இந்திய ஒதுக்கீட்டுக் கலந்தாய்வை நடத்துவது மத்திய சுகாதாரப் பணிகள் தலைமை இயக்ககத்தின் கீழ் உள்ள மருத்துவக் கலந்தாய்வுக் குழு. ஒவ்வொரு சுற்றின் முடிவு வெளியான பிறகும், பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் மாணவர் கல்லூரிக்கு நேரில் சென்று சேர்ந்தாக வேண்டும். கோவையில் உள்ள மாணவிக்கு அஸ்ஸாமின் திப்ரூகரில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கன்னியாகுமரியிலிருந்து திப்ரூகர் செல்லும் விவேக் விரைவு ரயில் 4,100 கிலோமீட்டருக்கும் மேல் ஓடுகிறது. கோவையில் ஏறினாலும் ஏறத்தாழ மூன்று நாள் பயணம். இப்போது ரயிலில் 60 நாள்களுக்கு முன்பே இடம் பதிவு செய்துகொள்ளலாம். 2024 அக்டோபர் வரை அது 120 நாள்களாக இருந்தது. எந்த ஊருக்குப் போகப்போகிறோம் என்பது ஒரு வாரத்துக்கு முன்னர்தான் தெரியும் குடும்பத்துக்கு இரண்டாலும் பயன் இல்லை. தட்கலில் இரண்டு இடம் பிடிக்க முயல வேண்டும். அல்லது கடன் வாங்கி விமானம் ஏற வேண்டும்.

அப்படிப் போய்ச் சேர்ந்த பிறகுதான் விடுதியில் அறை உண்டா இல்லையா என்பது உறுதியாகிறது. மூலச் சான்றிதழ்கள், உறுதிமொழிப் பத்திரங்கள், மருத்துவத் தகுதிச் சான்று, கட்டாயப் பணிக்கான ஒப்பந்தப் பத்திரம் என்று வரிசையாகக் கேட்டு வாங்கும் அலுவலகம், விடுதி என்றவுடன் வேறொரு கட்டடத்தைக் கை காட்டுகிறது. விடுதிக் காப்பாளர் விடுப்பில் இருந்தால் அன்று இரவு தந்தையும் மகளும் ரயில் நிலையத்தை ஒட்டிய தங்கும் விடுதியில்தான் தங்க வேண்டும்.

அகில இந்திய ஒதுக்கீடு நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தால் பிறந்தது அல்ல. பிரதீப் ஜெயின் வழக்கில் 1984-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பிலிருந்து பிறந்தது. வாழும் மாநிலத்தை வைத்து மட்டும் ஒரு மாணவனைத் தடுத்துவிடக் கூடாது என்பதே அதன் அடிப்படை. அந்த ஒதுக்கீடு பின்னர் 1986-இல் மொத்த இடங்களில் 15 சதவீதம் என்று வரையறுக்கப்பட்டது. எண்ணம் உயர்ந்ததுதான். ஆனால், மாணவனை மாநில எல்லை தாண்டி அனுப்பும் ஒரு திட்டம், அவன் எல்லை தாண்டிய பிறகு எங்கே உறங்குவான் என்பதையும் திட்டத்தின் ஒரு பகுதியாகக் கருதியிருக்க வேண்டும். உள்ளூர் மாணவனுக்கு விடுதி ஒரு வசதி. வெளி மாநில மாணவனுக்கு அது இல்லாவிட்டால் கல்லூரியே இல்லை. இந்த வேறுபாடு இன்றளவும் விதிகளில் போதிய அளவு இடம்பெறவில்லை.

தமிழக வாசகர்களுக்கு இதில் தனி அக்கறை இருக்க வேண்டும். இந்த 15 சதவீதத்தில் மாநிலங்கள் அளிக்கும் இடங்களில் பிற்படுத்தப்பட்டோருக்கு இடஒதுக்கீடு இல்லாதிருந்ததை எதிர்த்துத் தமிழகக் கட்சிகள் அணி வேறுபாடின்றி நீதிமன்றம் சென்றன. 2020 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. 2021-இல் மத்திய அரசு 27 சதவீதத்தை அறிவித்தது. 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அந்த வெற்றியின் பயனாக, இதுவரை ஊரை விட்டு வெளியே சென்றிராத குடும்பங்களின் பிள்ளைகள் கூடுதலாக வெளி மாநிலங்களுக்குச் செல்கிறார்கள். போராடிப் பெற்ற இடத்தை அந்தப் பிள்ளை எப்படித் தக்கவைத்துக்கொள்கிறது என்ற கேள்வியில் கட்சிகளுக்கு அதே வேகம் இல்லை. தீர்ப்பு வந்த அன்று பட்டாசு வெடித்தவர்களில் எத்தனை பேர் அடுத்த மாதம் விடுதிக் கட்டணம் பற்றி விசாரித்தார்கள்?

விடுதிக் கட்டணம் இடத்தையே பறித்துவிடும் என்பதற்குத் தொலைவில் சான்று தேட வேண்டியதில்லை. அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தமிழ்நாட்டில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020-இல் நடைமுறைக்கு வந்தபோது, தனியார் கல்லூரிகளில் இடம் கிடைத்த சிலர் பணம் கட்ட வழியின்றி அதைக் கைவிட்டுத் திரும்பினர். அதன் பிறகே, அந்த நவம்பரில், கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தார். விடுதியையும் சேர்த்துக் கணக்கிட்டால்தான் இடஒதுக்கீடு முழுமை பெறும் என்பதை ஒரு மாநில அரசு அனுபவத்தில் கற்றுக்கொண்ட தருணம் அது. மத்தியக் கலந்தாய்வுக்கு அந்தப் பாடம் இன்னும் சென்று சேரவில்லை.

எண்ணிக்கையைப் பெருக்குவதில் தில்லிக்கு உள்ள ஆர்வம் வியப்பூட்டுவது. 2014-க்கு முன்பு நாட்டில் 387 மருத்துவக் கல்லூரிகளும் 51,348 எம்.பி.பி.எஸ். இடங்களும் இருந்ததாக அரசு கூறுகிறது. 2024-இல் இடங்கள் 1 லட்சத்து 12 ஆயிரத்தைத் தாண்டின. மருத்துவர் பற்றாக்குறை உள்ள நாட்டில் இது வரவேற்க வேண்டிய வளர்ச்சியே. ஆனால், இடத்தை ஓர் அரசாணையால் உண்டாக்கிவிடலாம். கட்டடத்தை அப்படி உண்டாக்க முடியாது.

எய்ம்ஸ் நிறுவனங்களின் கதையே இதற்கு எடுத்துக்காட்டு. நாகபுரி எய்ம்ஸின் முதல் அணி 2018-இல் அந்நகரின் அரசு மருத்துவக் கல்லூரி வளாகத்தில் படிக்கத் தொடங்கியது. அதே ஆண்டு மங்களகிரி எய்ம்ஸ், விஜயவாடாவின் சித்தார்த்தா மருத்துவக் கல்லூரியில் தொடங்கியது. இவற்றிலாவது தாற்காலிக வளாகம் அதே ஊரிலோ பக்கத்து ஊரிலோ இருந்தது. மதுரை எய்ம்ஸுக்குப் பிரதமர் அடிக்கல் நாட்டியது 2019 ஜனவரியில். 50 மாணவர்கள் கொண்ட முதல் அணி 2022 ஏப்ரலில் வகுப்புகளைத் தொடங்கியபோது தோப்பூரில் கல்லூரி இல்லை. அவர்கள் நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பப்பட்டார்கள். அந்தக் கல்லூரியோ, தமிழகத்தில் 2022 ஜனவரி 12 அன்று ஒரே நாளில் திறந்துவைக்கப்பட்ட 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகளில் ஒன்று. தானே அப்போதுதான் குடிபுகுந்த வீட்டில் இன்னொரு குடித்தனத்துக்கும் இடம் கொடுக்கச் சொன்னதற்கு ஒப்பானது இது. ராஜஸ்தானிலிருந்தோ கேரளத்திலிருந்தோ மதுரை என்ற பெயரைப் பார்த்து விருப்பப் பட்டியலை நிரப்பிய மாணவன், பெட்டி படுக்கையோடு ராமநாதபுரத்தில் இறங்கினான். மருத்துவம் படிக்க வருபவனுக்கு மருத்துவமனை எங்கே, விடுதி எங்கே என்று கேட்கும் உரிமை இல்லையா?

வளாகத்தில் இடம் இல்லாதவர்களுக்கு வெளிச்சந்தைதான் புகலிடம். தில்லியில் எய்ம்ஸ் மருத்துவமனையைச் சுற்றியுள்ள கௌதம் நகர், யூசுஃப் சராய் பகுதிகளின் குறுகிய சந்துகளில் மாடி மேல் மாடி எழுப்பி அறை அறையாக வாடகைக்கு விடுகிறார்கள். முன்பணம் ஒரு பக்கம், தரகருக்குக் கூலி ஒரு பக்கம். காவல் நிலையத்தில் குடியிருப்பவர் விவரம் தர வேண்டும். இந்தி தெரியாத பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு இவை அனைத்தும் முதல் வாரத்திலேயே நடந்தாக வேண்டும். உடற்கூறு வகுப்பும் அதே வாரத்தில்தான் தொடங்குகிறது.

இந்த வெளிச்சந்தையை அரசு கவனிக்காமல் இல்லை; வரி விதிக்கக் கவனித்தது. தனியார் விடுதி வாடகைக்கு 12 சதவீத சரக்கு, சேவை வரி உண்டு என்று 2023-இல் கர்நாடக முன்தீர்ப்பு ஆணையம் கூறியது. தங்குவதற்கான விடுதி வாடகைக்கு வரி இல்லை என்று 2024 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பின்னர் அந்த ஜூனில் கூடிய சரக்கு, சேவை வரி மன்றம், குறைந்தது 90 நாள்கள் தொடர்ந்து தங்குவோருக்கு மாதம் 20,000 ரூபாய் வரையிலான வாடகைக்கு விலக்கு அளித்தது. வரவேற்கத்தக்க முடிவு. ஆனால், வாடகை நியாயமானதா, கட்டடத்தில் தீயணைப்பு வசதி உண்டா என்பவை அந்த மன்றத்தின் வேலை அல்ல. அவற்றைக் கவனிக்க வேண்டியவர்களின் ஆர்வமும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது. தமிழ்நாட்டில் பெண்கள், குழந்தைகள் விடுதிகளை ஒழுங்குபடுத்த 2014-இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது என்பதைக் குறிப்பிடலாம்.

இதற்கு நேர்மாறான தொல்லையும் உண்டு. விடுதியில் தங்கியே தீர வேண்டும் என்று வற்புறுத்திப் பெருந்தொகை வசூலிக்கும் கல்லூரிகள் அவை. முதுநிலை மாணவர்களுக்குத் தங்குமிடம் அளிப்பது கல்லூரியின் கடமை, அங்கே தங்குவது மாணவரின் கட்டாயம் அல்ல என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023-ஆம் ஆண்டு விதிமுறை தெளிவாகச் சொல்கிறது. அப்படியிருந்தும் புகார்கள் குவிந்ததால் 2024-இல் ஆணையம் அதைக் கல்லூரிகளுக்கு மீண்டும் நினைவூட்ட நேர்ந்தது.

கூரை கிடைத்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்றும் எண்ணிவிடக் கூடாது. தில்லி எய்ம்ஸில் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவர்கள் நடத்தப்பட்ட விதம் குறித்து விசாரிக்க, அன்புமணி ராமதாஸ் சுகாதார அமைச்சராக இருந்த காலத்தில் சுகதேவ் தோரட் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. 2007-இல் அது அளித்த அறிக்கை, விடுதிக்குள்ளேயே அம்மாணவர்கள் சில தளங்களில் ஒதுங்கி வாழ நேர்ந்ததைப் பதிவு செய்தது. தொல்லை தாங்காமல் அறை மாறி அறை மாறிக் கடைசியில் ஒரே தளத்தில் சேர்ந்துகொண்டவர்கள் அவர்கள். அதே ஆண்டு, உச்ச நீதிமன்றத்தின் ஏற்பாட்டில் ஆர்.கே. ராகவன் தலைமையிலான குழு ராகிங் பற்றிய அறிக்கையை அளித்தது. அதன் வழியில் 2009-இல் வந்த பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிமுறைகள், முதலாண்டு மாணவர்களை இயன்றவரை தனி விடுதிக் கட்டடத்தில் தங்கவைக்கச் சொல்கின்றன. வெளியில் உள்ள தனியார் விடுதிகள் உள்ளூர்க் காவல் நிலையத்தில் பதிவு பெறவும் சொல்கின்றன. ராகிங்கில் ஈடுபட மாட்டேன் என்று மாணவரிடமும் பெற்றோரிடமும் உறுதிமொழி தவறாமல் வாங்கப்படுகிறது. தனிக் கட்டடம்தான் எல்லா இடங்களிலும் காணக் கிடைப்பதில்லை.

விடுதி கட்ட நிலமும் நிதியும் வேண்டும், அவை மாநிலங்களின் பொறுப்பு என்று தில்லி சொல்லும். வெளி மாநில மாணவர்களை அனுப்புவது தில்லி, செலவு எங்களுடையதா என்று மாநிலங்கள் கேட்கும். இரண்டிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால், உண்மையைச் சொல்வதற்கு நிலமும் நிதியும் தேவையில்லை. தனியார் கல்லூரிகளும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், காப்புத்தொகை, பிற கட்டணங்கள் அனைத்தையும் கலந்தாய்வுக்கு முன்பே வெளியிட வேண்டும் என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு, முதுநிலை இடங்களை முடக்கிவைக்கும் மோசடி தொடர்பான வழக்கில் அளித்த தீர்ப்பு அது. அதன் அடிப்படையை இளநிலைக்கும் அரசுக் கல்லூரிகளுக்கும் விரிவுபடுத்துவதில் என்ன தடை? கலந்தாய்வு தொடங்கும் முன்பே ஒவ்வொரு கல்லூரியின் பெயருக்கு எதிரிலும் முதலாண்டு மாணவருக்கு எத்தனை படுக்கை காலியாக உள்ளது, மாணவிகளுக்கு எத்தனை, ஆண்டுக் கட்டணம் எவ்வளவு, விடுதி வளாகத்தில் உள்ளதா வெளியில் உள்ளதா, தாற்காலிக வளாகம் என்றால் எந்த ஊர் என்று எழுதிவிட ஒரு வார வேலை போதும். விடுதி அறையை ஒதுக்கும் கடிதமும் கல்லூரி ஒதுக்கீட்டு ஆணையோடு சேர்ந்தே வரலாம். வெளி மாநில மாணவருக்கு முதல் உரிமை என்று ஒரு வரி சேர்த்தால் உள்ளூர் மாணவர் பெரிதாக இழக்கப்போவதில்லை.

இடத்தை ஏற்காத மாணவரைத் தண்டிக்க மட்டும் கலந்தாய்வுக் குழுவிடம் விரிவான விதிகள் உள்ளன. இரண்டாம் சுற்றில் கிடைத்த இடத்தில் சேராவிட்டால் காப்புத்தொகை பறிபோகும். பொதுப் பிரிவினருக்கு அது 10,000 ரூபாய், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 5,000 ரூபாய், நிகர்நிலைப் பல்கலைக்கழக இடங்களுக்கு 2 லட்சம் ரூபாய். எஞ்சிய இடங்களுக்கான கடைசிச் சுற்றில் சேராதவர் அடுத்த நீட் தேர்வையே எழுத முடியாது. அந்த விதிகளில் ஒரு விலக்கு மட்டும் சேர்க்கப்பட வேண்டும்: தங்குமிடம் தர இயலாது என்று கல்லூரி எழுத்தில் தெரிவித்தால், அந்த இடத்தை விட்டு விலகும் மாணவரின் காப்புத்தொகை திருப்பித் தரப்பட வேண்டும், தடையும் விதிக்கப்படக் கூடாது.