விரல் நீள ஜோடுகள்

"செருப்பைப் பற்றி எழுத இந்தப் பக்கம்தானா கிடைத்தது?" என்று முகம் சுளிக்காதீர்கள், சகோதரிகளே! நான் சொல்ல வந்தது காலில் போடும் செருப்பு இல்லை. பீங்கான், வெள்ளி, கண்ணாடி, மரம், தோல் என்று விரல் நீளத்தில் செய்கிறார்களே, அந்த அலங்கார ஜோடுகளைப் பற்றி. தபால் தலை சேர்ப்பது போல இவற்றைச் சேர்ப்பவர்களும் உலகமெங்கும் இருக்கிறார்கள்.

ஹாலந்தில் டெல்ஃப்ட் என்று ஓர் ஊர். அங்கே 17, 18-ஆம் நூற்றாண்டுகளிலேயே மண்ணில் குட்டி ஜோடு செய்து, வெள்ளை மெருகு பூசி, நீலப் பூ வரைந்தார்கள். இங்கிலாந்தில் மரத்தைக் குடைந்து ஷூ வடிவில் மூக்குப்பொடி டப்பி! 1900-ஐ ஒட்டிய வருஷங்களில் பர்மிங்ஹாம் பட்டறைகளில் வெள்ளி ஷூ செய்து, உள்ளே திண்டு வைத்து, குண்டூசி குத்தி வைக்கக் கொடுத்தார்கள். தையல் மெஷின் பக்கத்தில் இருந்தால் எவ்வளவு சௌகரியம்! அந்த நாட்டில் முன்பெல்லாம் கல்யாண ஜோடி புறப்படும்போது பின்னாலேயே பழைய ஷூவை எறிவார்களாம், அது சுபம் என்று. நம்ம ஊரில் எறிந்தால் என்ன நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் நமக்கும் இது புதுசில்லை. பரதன் 14 வருஷம் சிம்மாசனத்தில் வைத்தது பாதுகையைத்தானே? பெருமாள் கோவிலில் தலை குனிந்து வாங்கிக்கொள்ளும் சடாரியில் இருப்பதும் அவர் திருவடிதான். கனடாவில், டொரான்டோ நகரில், சோன்யா பாட்டா அம்மாள் சேர்த்த காலணிகளுக்கென்றே 1995-ல் ஒரு மியூசியம் திறந்தார்கள். நம் பாதக்குறடுகளும் அங்கே இருக்கின்றன.

என்னிடம் இருப்பது 23 தான். நாத்தனார் கொண்டுவந்த டச்சுப் பீங்கான் ஜோடு ஒன்றும் அதில் உண்டு. மாமியார் வருகிறவர்களுக்கெல்லாம் அதை எடுத்துக் காட்டுவார்.

போன வருஷம் எதிர் வீட்டுப் பெண் ஒன்று கொடுத்தாள். ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனியில் வேலை. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் வெளிநாட்டுக்குப் போகும் ஷூவின் மேல்பாகத்தைத் தைப்பவர்களில் பெரும்பாலும் நம் பெண்கள்தான். கழித்துப் போட்ட தோல் துண்டில் கட்டைவிரல் அளவுக்குத் தைத்திருந்தாள். கயிறு கோக்கத் துளை, உள்ளே நாக்கு, ஒன்று பாக்கியில்லை. என்ன நேர்த்தியான தையல் தெரியுமா?

"தோலா? வாசலோட வை" என்றார் மாமியார்.

எனக்குச் சுருக்கென்றது. "அத்தே, டச்சுக்காரன் செஞ்சது ஷோகேஸில, நம்ம பொண்ணு தைச்சது வாசல்லயா? பூஜை ரூம் பக்கத்துல பையனோட மிருதங்கம் இருக்கே, அது என்ன பிளாஸ்டிக்கா?" என்று கேட்டுவிட்டேன். இரண்டு நாள் பேச்சில்லை. ஜோடு முன் வரிசையில்தான் இருக்கிறது. மற்றதெல்லாம் துடைப்பார், அதை மட்டும் தொட மாட்டார். நான் துடைத்துக்கொள்கிறேன்.

துடைப்பது என்றதும் ஞாபகம் வருகிறது. தோல் ஜோடுக்கு ஈரத்துணி ஆகாது. உலர்ந்த மெல்லிய துணி போதும். மழைக்காலத்தில் பூஞ்சை பூக்கும். புது ஹேண்ட்பேக்கில் வருமே ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலம், அதைப் பக்கத்தில் போட்டு வையுங்கள். தவழும் குழந்தை இருக்கிற வீடானால், ஜோடையும் பொட்டலத்தையும் கைக்கு எட்டாத மேல் தட்டிலேயே வையுங்கள். மணியும் கல்லும் ஒட்டிய ஜோடுகளை இன்னும் உயரத்தில்.